க்வெட்சாலான் காபித் தோட்டத்துக்குப் போவது எப்படி: கூட்டுறவுக்காரர்களின் விருந்தாளியாகத் தங்க ஒரு வழிகாட்டி

மெக்சிகோ என்றதும் நம்மவர்கள் பெரும்பாலும் கான்கூன் கடற்கரைக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால் காபி மேல் பிரியம் உள்ளவர்கள், ஏற்காடு குடகு பக்கம் எஸ்டேட் பங்களாவில் தங்கிவிட்டு "இவ்வளவு வாடகை கொடுக்கிறோமே, இதில் பழம் பறிப்பவருக்கு என்ன போகும்" என்று ஒரு தடவையாவது யோசித்தவர்கள், புயெப்லா மாநிலத்தின் வடக்கு மலையில் இருக்கும் க்வெட்சாலானுக்குப் போகலாம். காபி விளைவிக்கும் நாவா, தோத்தோனாக் பழங்குடி விவசாயிகளே அங்கே கூட்டுறவாகச் சேர்ந்து விடுதி நடத்துகிறார்கள், தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள், வருகிற பணத்தை என்ன செய்வது என்று தாங்களே கூட்டம் போட்டு முடிவு செய்கிறார்கள். கூட்டுறவின் பெயர் தோசெபான் தித்தாத்தானிஸ்கே. விடுதியின் பெயர் தோசெபான் காலி. க்வெட்சாலானிலிருந்து சான் மிகேல் சினகாபான் கிராமத்துக்குப் போகும் சாலையில், ஊரை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே, மரங்களுக்குள் மூங்கிலால் கட்டிய இடம்.

கூட்டுறவு என்றால் நமக்கு சொசைட்டி, அதிகாரி, தேர்தல் தகராறு எல்லாம் ஞாபகத்துக்கு வரும். அதை ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள், ஏனென்றால் இது அரசாங்கம் ஆரம்பித்து வைத்த சங்கம் இல்லை. 

போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய கதை

இந்தக் கதை தெரியாமல் போனால் உங்களுக்கு அது வெறும் மூங்கில் காட்டேஜ்தான். தெரிந்து போனால் தோட்டத்தில் கேட்க நூறு கேள்வி இருக்கும்.

1970-களில் அந்த மலைக்கிராமங்களில் சர்க்கரை விலை உள்ளூர் வியாபாரிகள் வைத்ததுதான். 1977-ல் கிராமத்துக்காரர்கள் சிலர் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, வெளியிலிருந்து மொத்தமாகச் சர்க்கரை வாங்கி வந்து தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். அங்கேதான் தொடக்கம். 1980-ல் அது முறையான கூட்டுறவாகப் பதிவானது. வாங்குவதில் சேர்ந்தவர்கள் விற்பதிலும் சேர்ந்தார்கள்: முதலில் ஆல்ஸ்பைஸ், அதாவது நம் பக்கத்து நர்சரிகளில் சர்வசுகந்தி என்று விற்கிற மரத்தின் காய், அப்புறம் காபி. இரண்டிலுமே இடைத்தரகர்கள்தான் அதுவரை ராஜா. அங்கே தரகரை 'கொயோட்டே' என்பார்கள். தோட்டத்தில் பேச்சுக்கொடுத்தால் அந்த வார்த்தை கட்டாயம் வரும், காதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

1989 அவர்களுக்கு மோசமான வருஷம். எந்த நாடு எவ்வளவு காபி ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைத்திருந்த உலகக் காபி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை அந்த ஜூலையில் உடைந்து விலை தரைக்கு வந்தது, மெக்சிகோ அரசு தன் காபி நிறுவனத்தைக் கைகழுவ ஆரம்பித்தது, இது போதாதென்று டிசம்பரில் உறைபனி விழுந்து செடிகள் கருகின. காபியை மட்டும் நம்பினால் சோறு கிடைக்காது என்று புரிந்தது அப்போதுதான். இயற்கை முறைக் காபி, சர்வசுகந்தி, தேன், மூங்கில், 1998-லிருந்து சொந்தமாக ஒரு சேமிப்பு–கடன் வங்கி என்று ஒவ்வொன்றாகக் கை வைத்தார்கள். சுற்றுலாவும் அந்த வரிசையில் ஒன்று. 2012, 2013 வாக்கில் இலைத்துரு நோய் வந்து தோட்டங்களை மறுபடியும் மொட்டையடித்தது. 1869-ல் சிலோனில் தலைகாட்டி, அங்கே காபியை ஒழித்துத் தேயிலைக்கு வழிவிட்டதே, அதே பூஞ்சைதான். மலையகத் தமிழர் வரலாற்றில் அதற்கு இருக்கும் இடம் நமக்குத் தெரியும். இங்கே ஆட்கள் தோட்டத்தை விட்டுப் போகாமல், கூட்டுறவு நாற்றங்காலில் வளர்த்த கன்றுகளை நட்டு மீண்டார்கள்.

என் கணக்குப்படி சமூகச் சுற்றுலாவை எடைபோட இதுதான் சரியான கேள்வி: நாளைக்கு ஒரு சுற்றுலாப் பயணியும் வரவில்லை என்றால் இவர்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள்? "ஒன்றும் செய்ய முடியாது" என்பது பதிலாக இருந்தால், அது ஊர்க்காரர்கள் வேலை பார்க்கும் ஓட்டல். க்வெட்சாலானில் விடுதி காலியாகக் கிடந்தாலும் காபி இருக்கிறது, மிளகுக்குப் பதில் சர்வசுகந்தி இருக்கிறது, தேன் இருக்கிறது. அதனால்தான் அங்கே நம்மைப் பார்த்துக் குழைவதில்லை. நன்றாகப் பேசுவார்கள், ஆனால் வேலை நேரத்தில் வேலைதான்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது

க்வெட்சாலான் 2002-லேயே மெக்சிகோ அரசின் 'மாய ஊர்' என்ற சுற்றுலாப் பட்டியலில் சேர்ந்துவிட்ட ஊர், அதனால் வாரக்கடைசியில் கூட்டம் அள்ளும், பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே "டூர், டூர்" என்று ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களும் பிழைப்புக்குத்தான் நிற்கிறார்கள், அருவி பார்க்க மட்டும் என்றால் அவர்களோடு போவதில் தப்பில்லை. ஆனால் 'எக்கோ', 'சமூகம்', 'பழங்குடி' என்று பலகை எழுத யாருக்கும் லைசென்ஸ் தேவையில்லை. நான்கு விஷயம் கேளுங்கள்: நிலம் யார் பெயரில் இருக்கிறது, கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார்கள், வருஷக் கடைசியில் மிச்சப் பணம் எங்கே போகிறது, உங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறவர் உறுப்பினரா, தினக்கூலியா. கூட்டுறவில் இருப்பவருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும், பெருமையாகவே பதில் வரும், சில சமயம் நிறுத்தவே முடியாது. மற்றவர்கள் பேச்சை அருவிப் பக்கம் திருப்பிவிடுவார்கள்.

தோசெபான் காலியில் இடம் இல்லையென்றால் தாசெலோட்சின் என்று இன்னொரு விடுதி இருக்கிறது. கைவினை செய்யும் நாவா பெண்கள் சங்கமாகச் சேர்ந்து 1997-ல் திறந்தது, அவர்களே நடத்துகிறார்கள். நெசவு, மூலிகை இவற்றில் ஆர்வம் என்றால் அதையே முதல் தேர்வாக வைத்துக்கொள்ளலாம்.

பதிவு, விசா, வழி

விசாவை முதலில் முடிப்போம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ, அல்லது கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் விசாவோ கையில் இருந்தால் தனியாக எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் எச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஐ-797 என்ற அனுமதிக் காகிதம் மட்டும் போதாது, பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டாம்ப் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். விதிகள் மாறும், டிக்கெட் போடுமுன் மெக்சிகோ தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விடுதிக்கு நேரடியாகவே எழுதுங்கள். நடுவில் ஒரு புக்கிங் தளத்தை நுழைத்தால் அவர்கள் ஒழித்துக்கட்டிய தரகரை நாமே கூட்டி வந்த மாதிரி ஆகிவிடும். ஆங்கிலத்தில் எழுதினால் பதில் தாமதமாகும், போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஸ்பானிஷிலேயே அனுப்புங்கள், சின்னச் சின்ன வாக்கியமாக. எத்தனை பேர், எந்தெந்தத் தேதி, சைவமா என்பதோடு, என்ன பார்க்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: காபித் தோட்டம், தேனீ, மூங்கில் பட்டறை என்று. ஏனென்றால் தோட்டம் காட்டுகிறவர் அன்றைக்குத் தன் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். வந்து இறங்கிவிட்டு "இப்போது போகலாமா" என்றால் நடக்காது.

மெக்சிகோ சிட்டியின் தாப்போ பஸ் நிலையத்திலிருந்து சுமார் 6 மணி நேரம், புயெப்லாவின் காப்பு நிலையத்திலிருந்து 4 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சகாபோவாஸ்த்லா தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளாக வரும், பெரும்பாலும் மூடுபனியோடு. வாந்தி வருகிறவர்கள் முன்சீட்டில் உட்கார்ந்து மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஊர் மையத்திலிருந்து விடுதிக்கு டாக்சி சில நிமிஷம், சான் மிகேல் பக்கம் போகும் ஷேர் வண்டியும் உண்டு. ரொக்கம் கையில் வையுங்கள், சில்லறை நோட்டாக. கிராமத்துக்குள் கார்டு செல்லாது.

எப்போது போவது? பழம் பறிப்பு அக்டோபர் கடைசி, நவம்பரில் ஆரம்பித்து மார்ச் வரை இழுக்கும், தாழ்வான தோட்டங்களில் முதலில், மேலே கடைசியில். டிசம்பர், ஜனவரி பார்க்க நிறைய இருக்கும், ஆனால் அதுதான் நசநசவென்று தூறலும் பனியும் பிடிக்கிற காலம். அறையில் ஹீட்டர் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். துவைத்த துணி காயவே காயாது. இந்த ஊர் மெக்சிகோவிலேயே அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று, அதனால் எந்த மாதம் போனாலும் மழைக்கோட்டு, வழுக்காத பூட்ஸ், இரண்டு ஜோடி கூடுதல் காலுறை கட்டாயம். குடையை நம்பிப் போகாதீர்கள், தோட்டத்துக்குள் குடை பிடித்துக்கொண்டு நடக்க முடியாது. அக்டோபர் 4-ஐ ஒட்டி காபிக்கும், ஹுய்பில் என்ற பெண்களின் நெசவு மேலாடைக்கும் திருவிழா நடக்கும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தங்க இடம் கிடைக்காது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும் அப்படித்தான். என்னைக் கேட்டால் வியாழன் போய் ஞாயிறு சந்தை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரே ஒரு இரவு தங்கிவிட்டு ஓடுவதாக இருந்தால் அந்த 6 மணி நேரப் பயணத்துக்குப் பொருளே இல்லை.

தோட்டத்தில் ஒரு நாள்

தோட்டம் என்றாலும் முதலில் பார்க்கும்போது காடு மாதிரிதான் தெரியும். உச்சியில் சலாவித்தே என்ற நிழல் மரம், அது மண்ணுக்குத் தழைச்சத்தும் கொடுக்கும். அதற்குக் கீழே சர்வசுகந்தி, ஆரஞ்சு, மாமே என்ற பழமரம், வாழை. அதற்கும் கீழே காபி. காலடியில் கீரையும் மூலிகையும். எது களை, எது கறிக்கு ஆகும் என்று நமக்குத் தெரியாது, அதனால் கூட்டிப்போகிறவர் கால் வைத்த இடத்தில் கால் வையுங்கள்.

இடுப்பில் கூடையைக் கட்டிவிட்டுப் பழம் பறிக்கச் சொல்வார்கள். நன்றாகச் சிவந்ததை மட்டும், ஒவ்வொன்றாக, விரலால் திருகி எடுக்க வேண்டும். காம்போடு சேர்த்துப் பிய்த்தால் அடுத்த வருஷம் பூ வருகிற மொட்டும் போய்விடும். கொத்தாக உருவி எடுத்து போட்டோவுக்குப் போஸ் கொடுப்பவர்களைப் பார்த்து அவர்கள் எதுவும் சொல்ல மாட்டார்கள், மரியாதை. ஆனால் நீங்கள் போனபிறகு அந்தக் கூடையைக் கொட்டி, பச்சைக் காயைத் தனியாகப் பொறுக்க ஒருவர் உட்கார வேண்டியிருக்கும். ஒரு மணி நேரம் பறித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், நம் வேகத்துக்கு அதற்கு மேல் உபத்திரவம்தான்.

அப்புறம் பழத்தைக் கைச்சக்கரப் பல்ப்பரில் போட்டுத் தோல் நீக்குவது, தொட்டியில் ஓர் இரவு ஊறவிட்டுப் புளிக்க வைப்பது, கழுவுவது, களத்தில் காயப்போடுவது. இதில் கழுவுகிற கட்டத்தைத் தவற விடாதீர்கள். ஊறிய கொட்டையை ஒரு கை அள்ளித் தேய்க்கச் சொல்வார்கள். வழவழப்பு இருந்தால் இன்னும் ஆகவில்லை. வழவழப்பு விட்டு உள்ளங்கையில் சரசரவென்று உரசினால் சரி, தண்ணீரைத் திறக்கலாம். இதற்கு மீட்டர், கடிகாரம் எதுவும் கிடையாது, குளிர் நாளில் அதிக நேரமாகும், வெயில் நாளில் சீக்கிரம் ஆகிவிடும். காய்ந்து வருவது பார்ச்மென்ட் காபி, அதாவது உள்தோல் இன்னும் நீங்காத கொட்டை. அங்கே வழக்கத்தில் இருக்கும் கணக்கு: 245 கிலோ பழத்துக்கு 57.5 கிலோ பார்ச்மென்ட், அதுதான் அவர்கள் எடைக்கணக்கில் ஒரு குவிந்தால். அந்தக் கூடையை இடுப்பில் கட்டிப் பார்த்தபிறகு இந்த எண்ணைக் கேட்டால் காபி விலை பற்றிப் புலம்புவது கொஞ்சம் குறையும்.

"இந்த வருஷம் பழம் கிலோ என்ன விலைக்குப் போகிறது, கூட்டுறவு எவ்வளவு தருகிறது, வெளியில் கொயோட்டே எவ்வளவு தருகிறான்?" இதைக் கேளுங்கள். வருமானத்தைக் கேட்பது அநாகரிகம் என்று தயங்க வேண்டாம், விவசாயிகளோடு விலை பேசுவது எந்த ஊரிலும் பொதுப்பேச்சுதான். வெளி விலை ஏறும் வருஷங்களில் உறுப்பினர்களே வெளியில் விற்றுவிடுவது உலகம் முழுக்கக் காபிக் கூட்டுறவுகளுக்கு உள்ள தலைவலி. அதைப் பற்றி அவர்கள் பேச ஆரம்பித்தால் அன்றைய டூரின் உண்மையான பகுதி அதுதான்.

கொசுத்தேனீயைப் பார்க்காமல் வராதீர்கள்

நம் ஊர்ச் சுவர் இடுக்கில் கூடு கட்டுகிற கொசுத்தேனீயின் உறவுக்காரத் தேனீ அங்கே இருக்கிறது, நாவா மொழியில் பிசில்நெக்மே என்கிறார்கள். கொடுக்கு கிடையாது. இரண்டு மண்பானைகளை வாயோடு வாய் வைத்து, சந்தை அடைத்து, வீட்டுத் தாழ்வாரத்தில் வரிசையாக அடுக்கி வளர்க்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை, வெயில் காலத்தில் பானையைப் பிரித்துத் தேன் எடுப்பார்கள். தண்ணீராக, லேசான புளிப்போடு இருக்கும், நம் கொசுத்தேன் மாதிரியே மருந்துக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. வீட்டில் சண்டை சச்சரவு இருந்தால் தேனீ போய்விடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு, அதனால் பானைப் பக்கத்தில் சத்தம் போடாதீர்கள்.

கொட்டாதே தவிர, கோபம் வந்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும். முடியைக் கட்டிக்கொள்ளுங்கள், அன்றைக்கு மட்டும் சென்ட் வேண்டாம். பானையின் வாசலுக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

சாப்பாடும் சந்தையும்

சைவக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் விவரமாகச் சொல்ல வேண்டும். 'சின் கார்னே' என்றால் கறி இல்லாமல் என்று அர்த்தம், அது மட்டும் சொன்னால் பன்றிக் கொழுப்பும் கோழிச் சாறும் தட்டில் வந்துவிடும். 'சின் மன்தேகா', 'சின் கால்தோ தே போயோ' இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பட்டாணி விழுது உள்ளே வைத்த சோளமாவுத் த்லயோயோ, பீன்ஸ், காளான், கீரை, சுடச்சுட தொர்த்தியா, காரச் சட்னி. நம் நாக்குக்கு ஒத்துப்போகும். காபி கேட்கும்போது 'கஃபே தே ஒய்யா' என்று கேளுங்கள், பட்டையும் அவர்கள் ஊர் வெல்லமும் போட்டுப் பானையில் கொதிக்க வைத்தது வரும். பால் ஊற்றிக் கேட்டால் காபி விளையும் ஊரிலேயே இன்ஸ்டன்ட் தூளைக் கலக்கிக் கொடுத்துவிடும் கடைகளும் இருக்கின்றன, சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் நடுவில் சந்தை. சுற்றுக் கிராமங்களிலிருந்து வெள்ளை உடையில் ஆட்கள் வந்து பூ, மூலிகை, காய் என்று தரையில் விரித்து உட்காருவார்கள். தேவாலயத்துக்கு முன்னால் உயரமான கம்பத்தின் உச்சியிலிருந்து நான்கு பேர் உடம்பில் கயிறு கட்டிக்கொண்டு சுழன்று இறங்குவார்கள், ஐந்தாமவர் உச்சியில் நின்று குழலும் மேளமும் வாசிப்பார். வோலதோரேஸ் என்ற இந்தச் சடங்கு 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. முடிந்ததும் தொப்பி ஏந்தி வருவார்கள், தாராளமாகப் போடுங்கள். ஆட்களை, முக்கியமாகப் பெண்களைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். நன்றி சொல்ல 'தசோக்காமாத்திக்'. ஸ்பானிஷ் 'கிராசியாஸ்' போதும்தான், ஆனால் இதைச் சொன்னால் முகம் மலரும்.

இடுப்புத்தறியில் நெய்த துணிக்குப் பேரம் பேசாதீர்கள். பேரம் பேசாவிட்டால் நமக்குத் தூக்கம் வராது என்பது தெரியும், தக்காளிக்கு வேண்டுமானால் பேசிக்கொள்ளுங்கள்.

காபி வாங்கும்போது வறுத்த முழுக் கொட்டையாக வாங்குங்கள். அரைத்து வைத்திருப்பது பானைக்காகக் கரகரப்பாக அரைத்தது, நம் ஃபில்டரில் போட்டால் தண்ணீர் மாதிரி இறங்கும். சிக்கரி இல்லாத அரபிகா என்பதால் பழகிய கெட்டிக் கசப்பு வராது, தூளை வழக்கத்தைவிட ஒரு ஸ்பூன் கூடப் போட்டுப் பாருங்கள். தேன் 100 மில்லிக்கு மேல் என்றால் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். இரண்டையும் கூட்டுறவின் சொந்தக் கடையிலோ விடுதியிலோ வாங்குவதுதான் உசிதம், சந்தையில் விற்கிற 'கொசுத்தேன்' எல்லாமே அந்தப் பானையிலிருந்து வந்ததில்லை.

திரும்பும் பஸ் டிக்கெட்டை, வந்து இறங்கிய அன்றைக்கே, நிலையத்தை விட்டு வெளியே வருமுன் எடுத்துவிடுங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் மெக்சிகோ சிட்டிக்காரர்கள் மொத்தமாகக் கிளம்புவார்கள், கவுண்டரில் நின்றால் புயெப்லா வரைக்கும்கூட சீட் இருக்காது.